சுக்குவுக்கு ஒரு டப்பா நெத்திலி

ஏற்காடு
3 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சத்யப்பிரியா எழுதுகிறேன். நானும் சுக்குவும் சௌக்கியம். இதை நீ பிரிக்காமலே அடுப்பில் போட்டாலும் போடுவாய். போட்டால் போடு. எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கல்யாண நகையை விற்று வண்டி வாங்கினேன் என்று தெரிந்த அன்று, சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்து, 'இனிமே இந்த வாயால உன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்' என்று சொன்னாய். மறு மாதமே மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? அதில் பாதிதானே எனக்கும் வந்திருக்கிறது.

உன் நாயைத் திருடிக்கொண்டு போய்விட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்கிறாயாம். திருடவில்லை அம்மா. நான் வண்டியைக் கிளப்பும்போது அவனாகத்தான் ஏறி உட்கார்ந்தான். நீயும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், கூப்பிடவில்லை.

வண்டி பழைய டெம்போ டிராவலர்தான். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டு, பின்கதவுப் பக்கம் ஒரு அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்திருக்கிறேன். நாயோடு எந்தப் பூங்காவுக்குள் போகலாம், எந்த மலைப்பாதையில் நடக்கலாம் என்று ஒரு இணையதளத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன். இதற்கும் சம்பளம் தருகிறார்கள் என்றால் நீ நம்பமாட்டாய்.

இங்கே ஏரிப் பூங்காவில் சுக்குவை விடவில்லை. ரோஜாத் தோட்டத்திலும் விடவில்லை. வாட்ச்மேனைப் பார்த்து அவன் வாலை ஆட்டிய ஆட்டத்துக்கு வேறு யாராவதாக இருந்தால் உள்ளே விட்டிருப்பார்கள். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சேர்வராயன் கோயிலுக்குப் போகும் பாதையில் காலையில் நடந்தோம். பாதி தூரத்தில் நின்றுவிட்டான். இழுத்தாலும் வரவில்லை. காப்பி பறிக்கிற அம்மா ஒருத்தி, 'மலையில நாய்க்குத்தாம்மா மொதல்ல தெரியும், அது சொல்றதக் கேளு' என்றாள். நான் திரும்பிவிட்டேன்.

அடுத்து ஈரோடு பக்கம் பர்கூர் மலைக்குப் போகிறோம். அங்கே சிக்னல் கிடைக்காது என்கிறார்கள். பதில் எழுதினால், 'போஸ்ட் மாஸ்டர் பராமரிப்பில், அந்தியூர்' என்று போடு. அடிவாரத்து ஊர் அது. வாரம் ஒருமுறை இறங்கி வந்து வாங்கிக்கொள்வேன்.

உன் மகள்,
சத்யப்பிரியா

—

சிவமயம்

சிதம்பரம்
9.1.2025

டேய் சுக்கு,

கொளஞ்சியம்மாள் ஆசீர்வாதம். உன் கூட இருக்கிறவள் எழுதிய கடிதம் வந்தது. பேசமாட்டேன் என்று கற்பூரத்தின் மேல் சொன்ன வார்த்தை சொன்னதுதான், அதனால் அவளுக்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை. உனக்கு எழுதக் கூடாது என்று நான் எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சோறு போடுகிறாளா, இல்லை அந்த நூடுல்சைக் கிண்டிக் கொட்டுகிறாளா? முப்பத்து நான்கு வயதில் ரசம் வைக்கத் தெரியாதவள் அவள். அவள் இளைத்திருக்கிறாளா என்று பார்த்துச் சொல். கேட்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிடாதே.

இங்கே மார்கழி தரிசனத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சன்னதித் தெரு போய்ச் சேர ஒரு யுகம் ஆகிறது. கீரப்பாளையம் பள்ளிக்கூடத்தில் என்னிடம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகள் எல்லாம் இப்போது மீசையோடு வந்து 'டீச்சர்' என்று கும்பிடுகிறார்கள். சோறு போட்டவளை டீச்சர் என்று கூப்பிட்ட பிள்ளைகள். 'உங்க பொண்ணு எங்க இருக்குது' என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஊர் சுற்றுகிறாள் என்று சொல்ல வாய் வருமா? ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

உனக்கு நெத்திலிக் கருவாடு அனுப்புகிறேன். பரங்கிப்பேட்டையில் இருந்து வருகிற பாத்திமா அக்காவிடம் சொல்லிவைத்து வாங்கியது, மணல் இருக்காது. மலையில் ஈரம் ஏறிப் பூத்துவிடக் கூடாது என்று இன்னும் ஒரு பிடி கல்லுப்பு போட்டுப் புரட்டி, வெயிலில் காயவைத்துத் தகர டப்பாவில் அடைத்திருக்கிறேன். நன்றாக மூன்று தண்ணீர் விட்டு அலசிவிட்டுத்தான் வறுக்க வேண்டும். உனக்கு அனுப்புவதுதான், மிச்சம் இருந்தால் அவள் தின்னட்டும். சின்ன வயதில் நெத்திலி இல்லாமல் ஒரு வாய் இறங்காது அவளுக்கு.

மலையில் இரவில் வெளியே போகாதே. அவளையும் விடாதே.

இப்படிக்கு,
உனக்குச் சோறு போட்ட
கொளஞ்சியம்மாள்

—

பர்கூர் மலை
17 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் பார்சலும் நேற்று அந்தியூரில் கிடைத்தன. போஸ்ட் மாஸ்டர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சுக்குங்கறது யாருங்க, ஆதார் வேணுமே' என்றார். வண்டியில் உட்கார்ந்திருந்தவனைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

கடிதத்தை அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'இளைத்திருக்கிறாளா' என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன். சுக்கு சொல்லச் சொன்னான்: இளைக்கவில்லையாம். எட்டு மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன் அம்மா. நாய்க்கு எழுதினால் என்ன, பேய்க்கு எழுதினால் என்ன, எழுதினாயே.

நெத்திலி டப்பாவைத் திறந்ததும் நம் வீட்டுச் சமையலறைக்குள் போய் நின்ற மாதிரி இருந்தது. மூன்று தண்ணீர் அலசி, வறுத்து, இரண்டு பேரும் தின்றோம். சுக்கு தட்டையும் நக்கிவிட்டான்.

வண்டி நிற்கிற இடத்தைச் சொல்கிறேன். ராஜாமணி என்று ஒருவர், வனத்துறையில் தற்காலிகக் காவலர். அவருடைய அக்காவின் ராகிக் காடு அறுவடை முடிந்து சும்மா கிடக்கிறது, அதன் ஓரத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் காடு. அதற்குள் போக அனுமதி கிடையாது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஆட்கள் நடக்கிற பாதையில்தான் நாங்கள் நடக்கிறோம். ஓடையை ஒட்டிப் போகிறது, இரண்டு பக்கமும் நெல்லி மரங்கள். செவலையில் வெள்ளைத் திட்டுத் திட்டாக மாடுகள் எதிரே வந்தால் சுக்கு என் காலுக்குள் ஒளிந்துகொள்கிறான்.

முதல் நாளே ராஜாமணி வண்டியைச் சோதித்தார். 'உப்பு, வெல்லம், பழம் எதுவும் வெச்சுக்காதீங்க, ஆனை வாசம் புடிச்சு வந்துருமுங்க' என்றார். உப்புப் பாக்கெட்டையும் வாழைப்பழத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். கருவாடு வந்தது மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. கருவாட்டு வாசம் பட்டால் இடத்தையே காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன். யானை சைவம்தானே, மீனுக்கா வரப்போகிறது?

இன்று காலையில் ஒன்று பார்த்தேன். வண்டியின் பின்கதவு முழுக்க ஈரச் சேறு. கை எட்டாத உயரத்தில், கூரை விளிம்பு வரைக்கும் தேய்த்த மாதிரி இருந்தது. ஊர்ப் பையன்கள் விளையாட்டு என்று நினைக்கிறேன். ஆனால் சுக்கு குரைக்கவே இல்லை அம்மா. எலி ஓடினால்கூடத் தெருவை எழுப்புகிறவன், கட்டிலுக்கு அடியில் என் செருப்பின் மேல் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

உன் மகள்,
சத்யப்பிரியா

—

சிவமயம்

சிதம்பரம்
22.1.2025

டேய் சுக்கு,

கடிதம் வந்ததில் இருந்து அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். சேற்றை யார் பூசினார்கள்? கை எட்டாத உயரம் என்றால் ஏணி வைத்துப் பூசினானா? பொம்பளை தனியாக இருக்கிறாள் என்று தெரிந்து எவனோ நோட்டம் விடுகிறான். நீ ஏன்டா குரைக்கவில்லை? உன்னை எதற்கு அவளோடு அனுப்பினேன்?

அனுப்பினேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், அந்த வார்த்தையை அடித்துத் திருத்தவில்லை. அன்றைக்கு நீ வண்டியில் ஏறினாயே, நான் கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பாய். கூப்பிடவில்லை. அவளுக்கு ஒரு துணை போகட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதை அவளிடம் படித்துக் காட்டாதே. இதைப் படிப்பவளே அவள்தான் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கதவை உள்தாழ்ப்பாள் போடச் சொல். வண்டியை ஊர் நடுவே நிறுத்தச் சொல். அதைவிட, கிளம்பி வீட்டுக்கு வரச் சொல். உன் சோற்றுத் தட்டு மாமரத்தடியில் அப்படியேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை அதில் வாய் வைத்தால் அடித்து விரட்டுகிறேன். அவள் அறையில் வைத்திருந்த நெல் மூட்டையையும் எடுத்துப் போட்டுவிட்டேன். எலித் தொல்லைக்காக எடுத்தேன், வேறு ஒன்றும் இல்லை.

நெத்திலியை இரண்டு பேரும் ஒரே மூச்சில் தின்றிருப்பீர்கள். இந்த முறை பெரிய டப்பாவாக அனுப்பியிருக்கிறேன், வாளைத் துண்டும் இருக்கிறது. உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டிருக்கிறேன், கெடாது.

இப்படிக்கு,
கொளஞ்சியம்மாள்

—

பர்கூர் மலை
30 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

படித்துக் காட்டாதே என்றதையும் படித்துவிட்டேன். அழுதேன். சுக்கு என் முகத்தை நக்கினான். நீ அவனை எனக்காகத்தான் அனுப்பினாய் என்று அன்றே தெரிந்திருந்தால், வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்திருப்பேன்.

பயப்படாதே, எவனும் நோட்டம் விடவில்லை. சேற்றை ராஜாமணியிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, 'மனுசன் இல்லீங்க, ஆனை ஒரசிட்டுப் போயிருக்குது, ஒத்தை' என்றார். கூட்டத்தோடு சேராமல் தனியாகத் திரிகிற ஆண் யானையாம். வழியில் வண்டி நின்றதால் உரசியிருக்கும், இரண்டு நாளில் தள்ளிப் போய்விடும் என்றார்.

தள்ளிப் போகவில்லை அம்மா. வண்டியை ஊர்ப் பக்கமாக, அவர் அக்கா வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அங்கேயும் வந்தது. வீட்டை விட்டுவிட்டது, தொழுவத்தை விட்டுவிட்டது, புளிய மரத்தை விட்டுவிட்டது, நேராக என் வண்டிக்குத்தான் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் வெளியே இருந்து ஈரமாக வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. அதன் தும்பிக்கை நுனி என்று ராஜாமணி சொன்னார்.

அவருக்கே குழப்பமாக இருக்கிறது. 'வண்டியில ஏதாச்சும் இருக்குதுங்களா' என்று மறுபடியும் கேட்டார். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் எடுத்துக் காட்டினேன். ஒரு கல் உப்பு இல்லை என்று சத்தியம் செய்தேன். குழம்புக்குக்கூட அவர் அக்கா வீட்டில்தான் உப்பு கேட்டு வாங்குகிறேன். அக்கா வீட்டுக்காரருக்கு நான் இங்கே இருப்பது பிடிக்கவில்லை, மறுபடியும் ராகிக் காட்டு ஓரத்துக்கே வந்துவிட்டேன்.

இன்னொரு விசித்திரம். கருவாடு அலசிய தண்ணீரை வண்டிக்குப் பின்னால் ஊற்றுவேன். அந்த இடத்து மண்ணை மட்டும் காலால் கீறி, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி வைத்திருக்கிறது. சேறு பூசிக்கொள்ள ஈரமண் தேடியிருக்கும் போல.

சுக்கு இப்போது நடைக்கு வருவதில்லை. ஓடை வரைக்கும் வந்து நிற்கிறான், திரும்பி வண்டியைப் பார்க்கிறான், அப்புறம் என்னைப் பார்க்கிறான். எனக்கும் இங்கே போதும் என்று ஆகிவிட்டது. பாதைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் அந்தியூரில் உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு அப்படியே சிதம்பரம் வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். வந்தால் வாசலில் நிற்க வைத்துச் சுக்குவோடு மட்டும் பேசுவாயா?

உன் மகள்,
சத்யப்பிரியா

—

சிவமயம்

சிதம்பரம்
5.2.2025

சத்யா,

உனக்குத்தான் எழுதுகிறேன். சுக்குவுக்கு இல்லை, உனக்கு.

அந்த டப்பாவைத் தூக்கி எறி. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எறி. போஸ்ட் ஆபீஸ் வாசலிலேயே எறிந்துவிடு, மலைக்குத் திரும்பக் கொண்டுபோகாதே. வண்டியைக் கழுவு. சட்டி, தட்டு எல்லாம் கழுவு. மலை ஏறவே ஏறாதே, அப்படியே வீட்டுக்கு வா.

நேற்று பக்கத்து வீட்டு லோகநாயகியின் பேத்திக்குக் காது குத்தினார்கள். அவள் மருமகன் எழிலன் வந்திருந்தார், தாளவாடிப் பக்கம் வனத்துறையில் இருக்கிறாரே, அவர்தான். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு யானை உப்புக்காக ஒரு வீட்டுச் சமையலறைச் சுவரை இடித்ததாம். 'உப்புத் தண்ணி ஊத்துன எடத்துல மண்ணையே தோண்டித் திங்கும் அத்தை' என்றார். எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. உன் கடிதம் அன்று காலையில்தான் வந்திருந்தது.

'கருவாட்டு வாசத்துக்கும் வருமா தம்பி' என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. 'மீனு கெடக்குது அத்தை, அதுக்கு வேண்டியது உப்பு. ஒருதடவை ருசி கண்டுட்டா விடாது. வண்டியோ வீடோ, ஒடச்சுத்தான் பாக்கும்' என்றார். பந்தியில் இருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

நான்தான் உப்பைப் போட்டுப் புரட்டினேன். கெடாமல் இருக்கட்டும் என்று ஜாஸ்தியாகப் போட்டேன். உனக்கு உப்புப் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கத் தெரிந்தது, கருவாடும் உப்புதான் என்று தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே, உன்னை என்ன சொல்ல? பிறந்ததில் இருந்து தின்கிறோம், அதை மீன் என்றுதானே நினைக்கிறோம்.

நேற்று சாயங்காலத்தில் இருந்து உனக்குப் போன் போடுகிறேன். ஆமாம், நான்தான். கற்பூரமும் இல்லை, சத்தியமும் இல்லை, எல்லாப் பாவமும் என் தலையோடு போகட்டும். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாய் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் மெஷின் என்று தெரிந்தும், 'சத்யாகிட்ட டப்பாவத் தூக்கிப் போடச் சொல்லும்மா' என்று அவளிடமே சொன்னேன்.

எழிலன் தம்பி தெரிந்தவர்களுக்குப் போன் செய்து பார்க்கிறேன் என்றார். பர்கூர் மலையில் எந்த ஊர் என்று கேட்கிறார். நீ ஊர்ப் பெயரை எழுதவே இல்லையே சத்யா. ராஜாமணி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் கிளம்புகிறேன். சேலம் போய், அங்கே இருந்து பவானி, பவானியில் இருந்து அந்தியூர் என்று லோகநாயகி எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீ கடிதம் வாங்க வரும்வரை அந்தப் போஸ்ட் ஆபீஸ் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

நீ வந்ததும் உன்னோடு பேசுகிறேன். திட்டத்தான் போகிறேன், ஆனால் உன்னிடம்தான் பேசுவேன்.

அம்மா

—

பர்கூர் மலை
6 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுக்குவைக் காணவில்லை.

முந்தாநாள் விளக்கு வைக்கிற நேரம். வாளைத் துண்டை அலசி அடுப்பில் வைத்திருந்தேன். வண்டி ஒருமுறை ஆடியது. காற்று என்று நினைத்தேன். அப்புறம் பின்கதவு அப்படியே வெளியே பிடுங்கிக்கொண்டு போனது. அடுப்பு கவிழ்ந்தது. கதவு இருந்த இடம் முழுக்க அதன் நெற்றிதான் தெரிந்தது அம்மா. தும்பிக்கை உள்ளே வந்து, என்னைத் தொடவில்லை, தரையையும் கட்டிலையும் தடவித் தடவித் தேடியது. நான் முன்பக்கம் ஓடி ஸ்டீயரிங்குக்குக் கீழே சுருண்டு கிடந்தேன்.

இத்தனை நாள் வாயே திறக்காத சுக்கு அப்போது குரைத்தான். கட்டிலுக்கு அடியில் இருந்து பாய்ந்து, அதன் காலுக்கு நடுவே ஓடி, வெளியே நின்று குரைத்தான். அது திரும்பியது. அவன் காட்டுப் பக்கம் ஓடினான், அது பின்னாலேயே போனது. குரைப்பு தூரமாகப் போய்ப் போய், ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

ராஜாமணியும் ஊர்க்காரர்களும் தீப்பந்தத்தோடு வந்தார்கள். மறுநாள் ஓடை வரைக்கும் தேடினோம். ரத்தம் எதுவும் இல்லை. அதனால் பயந்து எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்றுதான் நான் சொல்வேன். 'நாயி போனாப் போகுது, நீங்க கீழ எறங்குங்க' என்று ராஜாமணி கெஞ்சுகிறார். 'ஏன் உங்க வண்டிக்கே வருது, எனக்குப் புரியலீங்களே' என்று தலையைப் பிடித்துக்கொள்கிறார். எனக்கும் புரியவில்லை. வண்டி கிளம்புகிறது, பின்கதவுதான் இல்லை. அவர் அக்கா வீட்டில் வந்து படுக்கச் சொல்கிறார்கள். நான் போகவில்லை. சுக்கு திரும்பி வந்தால் வண்டியைத்தானே தேடுவான்? இன்று மட்டும் பார்த்துவிட்டு நாளைக்கு இறங்கிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாயை விட்டுவிட்டு என்னால் வர முடியாது அம்மா. அவன் என் உயிரைக் காப்பாற்றினான் என்பதற்காக மட்டும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் இல்லாவிட்டால் நீ யாருக்கு எழுதுவாய்? மலையில் இருந்து இறங்கி அந்தியூர் போனால் உன் உறை எனக்காக இருக்கும், மேலே அவன் பெயர் எழுதியிருக்கும். இந்த ஒரு மாதம் அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் எழுந்தேன். இப்போதும் ஒன்று அங்கே வந்து கிடக்கும். அதைப் பிரித்து யாருக்குப் படித்துக் காட்டுவது? சுக்குவைத் தொலைத்துவிட்டேன் என்று உன் வாசலில் வந்து நின்றால், நீ என்னிடமும் பேசமாட்டாய், பேசுவதற்கு அவனும் இருக்க மாட்டான்.

அதனால் ஒரு யோசனை செய்திருக்கிறேன். உன் டப்பா கட்டிலின் மூலையில் உருண்டு கிடந்தது, நசுங்கவில்லை, பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. சுக்குவுக்கு அந்த வாசம் என்றால் உயிர். மூடியைத் திறந்து, கதவு இருந்த இடத்தில் படிமேல் பரப்பி வைத்திருக்கிறேன். ராஜாமணி பார்க்காமல் இருக்கச் சாக்கால் மறைத்திருக்கிறேன், ஆனால் வாசம் நன்றாகவே போகிறது. பசியோடு இருப்பான், கட்டாயம் வருவான்.

சாயங்கால பஸ் வருகிற நேரம். இதைக் கண்டக்டரிடம் கொடுத்துக் கீழே போடச் சொல்லிவிட்டு, வந்து படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். சுக்கு கிடைத்ததும் இரண்டு பேருமாகக் கிளம்பி வருகிறோம். நல்லவேளையாக, இன்று காற்று காட்டுப் பக்கமாக அடிக்கிறது.

உன் மகள்,
சத்யப்பிரியா